மகேனி தேற்றத்தில் மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

கணிப்புச் சிக்கல்தன்மைக் கோட்பாட்டில் வரும் மகேனி தேற்றத்தை நடத்தும் ஒவ்வொரு முறையும் விடைத்தாள்களில் அதே தவறுகள் வரிசை கட்டி வருகின்றன. எழுத்துப்பிழை, குறியீட்டுக் குழப்பம் போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். 1982-இல் வெளியான தேற்றம் சொல்வது இதுதான்: என்பி-ஹார்டான ஸ்பார்ஸ் கணம் ஒன்று இருந்தால் பி = என்பி. பல்லுறுப்புக்கோவை நேரத்தில் தீர்க்க முடிந்த கேள்விகள் பி; 'ஆம்' என்பதற்கான சான்றை அந்த நேரத்தில் சரிபார்க்க முடிந்தவை என்பி. என்பியில் உள்ள எந்தக் கேள்வியையும் ஒரு கணத்துக்கு ரிடியூஸ் செய்ய, அதாவது உள்ளீட்டை விடை மாறாத ஒரு சரமாக வேகமாக மாற்ற, முடிந்தால் அந்தக் கணம் என்பி-ஹார்ட். குறிப்பிட்ட நீளத்துக்குள் அடங்கும் சரங்களில், பல்லுறுப்புக்கோவை அளவுக்கு மேல் உறுப்புகள் இல்லாத கணம்தான் ஸ்பார்ஸ்.

ஸ்பார்ஸ் என்றால் சுலபம் என்று நினைப்பது

ஹால்டிங் பிராப்ளத்தை (ஒரு புரோகிராம் எப்போதாவது நிற்குமா என்ற கேள்வியை) வெறும் ஒன்றுகளால் எழுதிப் பாருங்கள். ஒரு நீளத்துக்கு ஒரு சரத்துக்கு மேல் வராது. ஆனாலும் அதைத் தீர்க்க அல்காரிதமே கிடையாது.

ஃபார்ச்சூனின் வாதத்தைத் திருப்பிப் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். உண்மையாக்க முடியாத ஃபார்முலாக்களை ஸ்பார்ஸ் கணத்துக்கு ரிடியூஸ் செய்ய முடிந்தால் பி = என்பி என்று ஃபார்ச்சூன் 1979-இல் காட்டினார். மாறிகளுக்கு ஒவ்வொன்றாக மதிப்புக் கொடுத்து மரத்தில் இறங்குங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் ரிடக்‌ஷன் தரும் சரம்தான் அதன் லேபிள். ஒரே லேபிள் உள்ள கணுக்களில் ஒன்று போதும். லேபிள்கள் ஸ்பார்ஸ் கணத்தின் பல்லுறுப்புக்கோவை வரம்பைத் தாண்டினால் ஏதோ ஒன்று கணத்துக்கு வெளியே இருக்கிறது, அதாவது அந்த ஃபார்முலாவை உண்மையாக்க முடியும். எது என்று தெரியத் தேவையில்லை, 'ஆம்' என்று சொல்லிவிடலாம்.

இதையே சாட்டுக்கு, அதாவது உண்மையாக்க முடிந்த ஃபார்முலாக்களுக்கு, ஒரு மாணவர் கரும்பலகையில் எழுதினார். "லேபிள் அதிகமானால் ஏதோ ஒன்று உண்மையாகாது, அதை வெட்டிவிடலாம் சார்." எதை வெட்டுவது என்று கேட்டேன். சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். நியாயம்தான், அங்கே பதிலே கிடையாது. அந்த ஒரு வரியில் நிரூபணம் முழுவதும் போய்விடுகிறது. ஆனால் படித்துப் பார்த்தால் அவ்வளவு சரளமாக இருக்கும்!

கேள்வியை மாற்றினால்தான் வழி பிறக்கும். ஒகிஹாராவும் வட்டனாபேயும் 1991-இல் கையாண்ட உத்தி இது: 'இந்தக் கணுவிலோ இதற்கு வலப்பக்கத்திலோ தீர்வு உண்டா?' இப்படிக் கேட்டால் 'ஆம்' எல்லாம் இடப்பக்கமாகத் தொடர்ச்சியாக நிற்கும். கடைசி 'ஆம்' இருக்கும் கணுதான் நாம் தேடுவது. இரண்டு கணுக்களுக்கு ஒரே லேபிள் என்றால் விடையும் ஒன்றே. எனவே இடக்கணுவையும் இடையில் உள்ளவற்றையும் தயங்காமல் நீக்கலாம். மீதி லேபிள்கள் எல்லாம் வேறுவேறு. 'ஆம்' பெற்றவை வரம்பைத் தாண்ட முடியாது என்பதால், இடமிருந்து அந்த வரம்பு வரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். இப்போது எதை வெட்டுகிறோம் என்று தெரிகிறது.

வரம்பை உள்ளீட்டின் நீளத்தில் எண்ணுவது

ரிடக்‌ஷன் வெளியிடும் சரத்தின் நீளத்தில் எண்ணுங்கள்.

டூரிங் ரிடக்‌ஷனுக்கும் இதே முடிவு என்று எழுதுவது

இல்லை. டூரிங் ரிடக்‌ஷனில் ஒரே சரத்தோடு நிற்காமல் கணத்தைப் பலமுறை கேட்கலாம். அங்கே 1980-இன் கார்ப்–லிப்டன் தேற்றம்தான் கைகொடுக்கும்: பல்லுறுப்பு அடுக்கு (என்பிக்கு மேல் நிலை நிலையாக அடுக்கிய வகுப்புகள்) இரண்டாம் நிலைக்குச் சரியும். பி = என்பி என்று அதிலிருந்து யாரும் இதுவரை வரவழைக்கவில்லை.