500 ஜம்ப், ஒரு கொட்டாவி: எலைட் நெடும்பயணத்தில் நாம் செய்யும் தவறுகள்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒருநாள் ராத்திரி இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி ஏதோ கேட்க வந்தவர், என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, வந்ததுலேர்ந்து பாக்குறேன். அதே நட்சத்திரம்தான் வருது?"

"இல்லண்ணா, ஒவ்வொண்ணும் வேற வேற. இது 212-வது."

"அங்க என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அடுத்ததுக்குப் போவேன்."

அவர் சிரிக்கவில்லை. "நாங்க ஓடிப் போறப்பவே பின்னால ரெண்டு தூண்டில் விட்டுருவோம். மாட்டுதோ இல்லையோ, கை சும்மா இருக்காது பாரு" என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தைப் பேசப் போய்விட்டார்.

நான் ஆடிக்கொண்டிருந்தது எலைட் டேஞ்சரஸ். 2014 டிசம்பரில் வந்த, விண்கப்பல் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. நம் பால்வெளி மண்டலத்தை உள்ளபடியான அளவிலேயே வைத்திருக்கிறார்கள், சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு. சூரியனிலிருந்து நடுவிலுள்ள சாஜிடேரியஸ் ஏ கருந்துளைக்கு ஏறக்குறைய 25,900 ஒளியாண்டு. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் ஜம்ப். ஒரு ஜம்ப்புக்கு 50 ஒளியாண்டு தாண்டும் கப்பல் என்றால் 500-க்கு மேல் ஜம்ப். வழியில் நட்சத்திரங்களிலிருந்து எரிபொருள் அள்ளுவதையும் சேர்த்து ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் எட்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மறுகோடியில் உள்ள பீகிள் பாயிண்ட் 65,000 ஒளியாண்டுக்கு அப்பால். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, போர் அடிக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விண்வெளி காலியாக இருப்பதால் அடிக்கிறது என்று நாம் நினைப்பதுதான் தப்பு. பெரும்பாலும் கிளம்பும்போதே போரை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுகிறோம்.

தூரத்துக்காக எல்லாவற்றையும் கழற்றிப் போடுவது

புதிதாக நெடும்பயணம் கிளம்புகிற எல்லாரும் செய்வது இது. ஒரு ஜம்ப்பில் இன்னும் இரண்டு ஒளியாண்டு கூடுதலாகத் தாண்ட வேண்டும் என்பதற்காகத் தரையில் ஓட்டும் வண்டியை இறக்குவார்கள். ரிப்பேர் கருவியை இறக்குவார்கள். கேடயத்தைக் கழற்றுவார்கள். உந்துவிசை எஞ்சினையும் இருப்பதிலேயே இலேசானதாக மாற்றுவார்கள். கப்பல் இறகு மாதிரி ஆகிவிடும். நூறாவது ஜம்ப்பில் அழகான பள்ளத்தாக்கு உள்ள ஒரு கோள் தெரியும்போது இறங்கி ஓட்ட வண்டி இருக்காது, பயமில்லாமல் இறங்கக் கேடயமும் இருக்காது. அடுத்த ஜம்ப்பைத் தவிர செய்வதற்கு வேறு வேலையே இல்லாத கப்பலை நாமே கட்டிவைத்துவிட்டு, விளையாட்டு போர் என்று புலம்புவோம்.

என் கட்சி இதுதான்: வண்டி ஒன்று, கோளின் மேற்பரப்பை வரைபடமாக்கும் ஸ்கேனர், சின்னதாக ஒரு கேடயம், ரிப்பேர் கருவி இரண்டு. அந்தக் கருவியால் தன்னையே சரிசெய்துகொள்ள முடியாது, அதனால்தான் இரண்டு. ஒன்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் ஏற்றினால் 500 ஜம்ப் 540 ஆகும். ஆகட்டுமே.

எல்லாரும் போகிற நேர்கோட்டிலேயே போவது

வழிகாட்டியில் 'வேகமான பாதை' என்று போட்டால் சூரியனிலிருந்து மையத்துக்கு ஒரே கோடுதான் விழும். பத்து வருடத்துக்கு மேலாக ஊரே நடந்து தேய்ந்த பாதை அது. ஆட்டக்காரர்கள் கூட்டமாக 2019 ஜனவரியில் கிளம்பிய இரண்டாவது டிஸ்டண்ட் வேர்ல்ட்ஸ் பயணத்துக்கு மட்டும் 13,000-க்கும் அதிகமானவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் 'முதலில் கண்டவர்' என்று வேறு யார் பெயரோ இருந்தால் ஆர்வம் எங்கிருந்து வரும்?

கோட்டை விட்டுச் சில நூறு ஒளியாண்டு மேலேயோ கீழேயோ விலகினால் போதும், யாரும் தொடாத மண்டலங்கள் வர ஆரம்பித்துவிடும். ரொம்ப மேலே போய்விடாதீர்கள். பால்வெளி ஒரு தட்டு. ஆயிரம் ரெண்டாயிரம் ஒளியாண்டு ஏறினால் நட்சத்திரங்களே மெலிந்துவிடும்.

பெயரைப் பார்த்து வழி தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சுவை இருக்கிறது. விளையாட்டு தானாக வைக்கும் மண்டலப் பெயர்களின் கடைசிப் பகுதியில் ஏ முதல் ஹெச் வரை ஒரு சின்ன எழுத்து வரும். அது எடைக்குறி. ஏ என்றால் இலேசான மண்டலம். ஹெச் என்றால் கனமானது. கருந்துளையோ ராட்சத நட்சத்திரமோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். பூமி மாதிரிக் கோள் தேடுகிறவர்கள் டி எழுத்தைத் துரத்துவார்கள். இது தெரிந்த பிறகு வழிப்பட்டியலை வாசிப்பதே ஒரு வேலையாகிவிட்டது எனக்கு. பஸ் போர்டைப் பார்த்ததுமே எது எங்கே நிற்கும் என்று சொல்லும் கண்டக்டர் மாதிரி.

இன்னொரு திரையில் படம் ஓடவிடுவது

பாண்டியில் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நண்பன் இந்த விஷயத்தில் கைதேர்ந்தவன். ஒரு திரையில் கப்பல், இன்னொன்றில் சீரியல். "மாப்ள, ஜம்ப் அடிக்க ஒரு விரல் போதும்டா" என்பான். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜம்ப் முடிவிலும் கப்பலின் மூக்கு நட்சத்திரத்துக்கு நேராக வந்து நிற்கும். வேகத்தை முன்பே பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் சீரியலில் மூழ்கியிருந்தால், நட்சத்திரத்தில் முட்டாத குறையாகப் போய்த் திடீரென்று நின்று வறுபடும். இரண்டே வாரத்தில் அவன் கப்பல் உடம்பு 61 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

எரிபொருளும் அப்படித்தான் தீரும். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு வகை நட்சத்திரங்களில்தான் அள்ள முடியும். பழுப்புக் குள்ளர் என்கிற மங்கலான வகையில் முடியாது. வரைபடத்தில் இந்த ஏழை மட்டும் வடிகட்டி வைக்காமல், திரையையும் பார்க்காமல் ஓட்டினால் டாங்க் காலியாகி நடுவழியில் நிற்பீர்கள். அப்படி நின்றுவிட்டால் பதறி எதையும் அழுத்தாமல் மெனுவுக்கு வெளியேறி, ஃபியூயல் ராட்ஸ் என்ற ஆட்டக்காரர் குழுவைக் கூப்பிடுங்கள். இலவசமாக வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள்.

பாட்டு கேட்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். ஜம்ப் அடிக்கும்போது பழைய பாட்டு ஓடட்டும். மண்டலத்தை ஸ்கேன் செய்ய உட்கார்ந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அங்கே காதுக்கு வேலை இருக்கிறது. ஸ்கேனரைத் திறந்தால் திரை முழுக்க நீலமாகும். கீழே ஒரு அலைவரிசைப் பட்டை வரும். இடது ஓரத்தில் சிறுகோள் கூட்டங்கள், வலது ஓரத்தில் வாயுக் கோள்கள், நடுவில் மற்றவை. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல ஊசியை நகர்த்தி ஒவ்வொன்றாக நெருங்க வேண்டும். நெருங்க நெருங்க ஒவ்வொரு வகைக் கோளுக்கும் ஒரு சத்தம். நீர்க்கோளுக்கு ஒன்று, அமோனியாக் கோளுக்கு ஒன்று, பூமி போன்றதற்கு ஒன்று. ஒரு மாதம் பழகினால் படம் தெளிவாவதற்கு முன்பே காது சொல்லிவிடும். அந்தப் பூமிச் சத்தத்தை முதன்முதலில் கண்ணை மூடிக்கொண்டு நான் கண்டுபிடித்த ராத்திரியில் போர் என்ற சொல்லே நினைவுக்கு வரவில்லை.

அலுப்பையும் சலிப்பையும் ஒன்றாக எண்ணுவது

இதைத்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான்.

அலுப்பு உடம்பில் வருவது, சலிப்பு மனதில் வருவது. பேச்சில் இரண்டையும் "போர் அடிக்குது" என்று ஒரே சட்டிக்குள் போட்டுவிடுகிறோம். சலிப்பு என்றால் வேலையை மாற்றினால் போய்விடும்: ஜம்ப்பை நிறுத்து, இறங்கு, ஓட்டு, படம் எடு. அலுப்பு என்றால் அதெல்லாம் ஆபத்து. படுத்துத் தூங்க வேண்டும். நான் அலுப்புக்குச் சலிப்பு மருந்தைக் கொடுத்தேன்.

ஐந்து வாரப் பயணம் அது. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், கண் எரிகிறது. சுறுசுறுப்பாக ஏதாவது செய்தால் தூக்கம் கலையும் என்று ஒரு கோளில் இறங்கத் திட்டமிட்டேன். அதன் ஈர்ப்பு பூமியைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பது ஓரத்தில் எழுதியிருந்தது. வாசித்தேன், மண்டையில் ஏறவில்லை. அப்போது என்னுடையதும் அந்த இறகுக் கப்பல்தான்: இலேசான எஞ்சின், கேடயம் கிடையாது. அரைக் கிலோமீட்டர் உயரத்தில் மூக்கை லேசாகக் கீழே சாய்த்தேன். கனமான கோளில் அது ஒன்று போதும். தரை மெல்ல வரவில்லை, பாய்ந்து வந்தது. பதற்றத்தில் மேலே தூக்கும் விசையை அழுத்துவதற்குப் பதிலாக முன்னே பாயும் பூஸ்ட்டை அழுத்தினேன். கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கப்பல் போனால் காப்பீட்டில் கப்பல் திரும்பக் கிடைக்கும். வழியெல்லாம் ஸ்கேன் செய்து, இன்னும் நிலையத்தில் விற்காமல் வைத்திருந்த ஆய்வுத் தரவு கிடைக்காது. ஐந்து வாரத் தரவு, என் பெயர் ஏற வேண்டிய 140 சொச்சம் மண்டலங்கள், எல்லாம் ஒரு கொட்டாவிக்குப் போயிற்று.

இதிலிருந்து வரும் அடுத்த தவறு, தரவை மொத்தமாகச் சேர்த்துவைத்துக் கடைசியில் விற்கலாம் என்பது. முன்பு வேறு வழியில்லை. இப்போது 22,000 ஒளியாண்டு தள்ளி கொலோனியா என்ற குடியேற்றம் இருக்கிறது, மையத்துக்கு அருகில் எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் நிலையம் இருக்கிறது. 2020-க்குப் பிறகு ஆட்டக்காரர்களே தங்கள் ஃப்ளீட் கேரியர்களை, அதாவது மற்றக் கப்பல்கள் வந்து இறங்கும் பெரிய தாய்க்கப்பல்களை, ஆழ்வெளியில் ஆங்காங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போகும் வழியில் எது குறுக்கே வருகிறது என்று பார்த்து அங்கங்கே விற்றுவிடுங்கள். மடியில் கனம் குறைந்தால் வழியில் பயமும் குறையும், விளையாடவும் மனம் வரும். விற்காத தரவு நிறைய வைத்திருப்பவன் எந்தக் கோளிலும் இறங்கத் துணிய மாட்டான், அவனுக்கும் போர்தான்.

கரண்ட் போனால் கப்பல் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரம் அவசரமாக ஓட்டுகிறவர்களும் நம் பக்கத்தில் உண்டு. போகாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் பாதி வழியில் இருந்தேன். கரண்டும் நெட்டும் திரும்பி வந்து உள்ளே நுழைந்தபோது விட்ட மண்டலத்திலேயே கப்பல் முழுசாக இருந்தது.

நியூட்ரான் நட்சத்திரங்களின் வால் வழியாகப் போய் ஜம்ப் தூரத்தை நான்கு மடங்காக்கும் வித்தை பற்றிக் கேட்பார்கள். நல்ல வித்தைதான். ஒவ்வொரு முறையும் ஜம்ப் எஞ்சின் கொஞ்சம் தேயும், அதற்குத்தான் ரிப்பேர் கருவி. வெள்ளைக் குள்ளன் வகை நட்சத்திரத்தில் கிடைப்பது ஒன்றரை மடங்குதான், ஆபத்தோ அதிகம். அதை நான் தொடுவதில்லை. ஆனால் முழுப் பயணத்தையும் நியூட்ரானிலேயே ஓட்டுவது பைபாஸிலேயே ஊர் சுற்றுவது மாதிரி. தவளக்குப்பமும் தெரியாது, கிருமாம்பாக்கமும் தெரியாது.

தூண்டில் இல்லாமல் ஓடுவது

எதிர்வீட்டு அண்ணன் சொன்னதை நான் இப்படி எடுத்துக்கொண்டேன். இருபது ஜம்ப்புக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துவேன், என்ன கிடைத்தாலும் சரி. 2021-ல் ஒடிசி என்ற கூடுதல் பகுதி வந்த பிறகு காலால் இறங்கி நடக்கலாம், உயிரினங்களின் மாதிரி எடுக்கலாம். ஒரே இனத்தில் மூன்று மாதிரி வேண்டும். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. பாக்டீரியம் என்றால் 500 மீட்டராவது தள்ளிப் போய்த்தான் அடுத்ததை எடுக்க முடியும். தரையோடு தரையாக ஒரு கறை மாதிரி இருக்கும், மேலிருந்து பார்த்தால் பாறையின் நிறம்தானோ என்று தோன்றும். அரை மணி நேரம் அலையவிடும். யாரும் இதுவரை பதிவு செய்யாததாக இருந்தால் ஐந்து மடங்கு பணம். பணத்தை விட, அந்த அரை மணி நேரம் பசி தெரியாமல் போகிறது என்பதுதான் எனக்கு லாபம்.

இதிலும் தவறு செய்யலாம். எல்லா மண்டலத்தையும் கடைசிப் பனிக்கட்டி வரை ஸ்கேன் செய்தே தீருவேன் என்று உட்காருகிறவர்கள் நாலாவது நாளே திரும்பிவிடுவார்கள். தூண்டில் ரெண்டு போதும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். விளையாட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஜம்ப் வரிசையின் நடுவில் அணைத்துவிட்டால், மறுநாள் திறக்கும்போது முகத்துக்கு நேரே ஒரு நட்சத்திரமும், பாக்கி 300 என்ற எண்ணும்தான் நிற்கும். நான் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு கோளில் கப்பலை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். விளையாட்டில் கோள்கள் நிஜ நேரத்தில் சுற்றுகின்றன. இருட்டில் இறக்கிய இடம் அடுத்த நாள் வெளிச்சமாக இருக்கலாம். நேற்று நிறுத்தியது ஒரு வளையக் கோளின் நிலவில், பள்ளத்தின் விளிம்பில். வளையம் அப்போது அடிவானத்துக்குக் கீழே இருந்தது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.