ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை வீட்டிலேயே கழற்றி சர்வீஸ் செய்வது எப்படி?

அடி குறைந்துவிட்டது, தகர டப்பாவைத் துளைத்த பெல்லட் இப்போது நெளித்துவிட்டு விழுகிறது என்றால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். என்னிடம் இருப்பது பேரலை மடக்கி ஏற்றும் 4.5 மி.மீ (.177) ரைஃபிள். இந்த வகையில் பேரலின் பின்பக்க வாயில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் பல நேரம் காரணம். பேரலை மூடி, அந்த இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு வைத்து, பெல்லட் போட்டு மணல் மூட்டையில் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் அங்கே காற்று ஒழுகுகிறது. வளையத்தை மாற்றினால் போதும். மாற்றும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது. ஸ்பிரிங் அதை இழுத்து மூடினால் விரல் போய்விடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

1. ரைஃபிள் ஏற்றிய நிலையில் இல்லை, பேரலில் பெல்லட் இல்லை என்று பாருங்கள்.

2. முன்கட்டையின் இரு பக்க ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ மூன்றையும் கழற்றினால் கட்டை தனியாக வந்துவிடும். ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தும் நல்ல பிட் வாங்குங்கள்.

3. ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதும் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கிறது. ட்ரிகர் பகுதியைக் குழாயோடு பிடித்து வைத்திருக்கும் குறுக்கு ஊசியை (பின்) அப்படியே தட்டி எடுத்தால் ட்ரிகர் பகுதி முகத்துக்கு வரும். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளமான கிளாம்ப்பில் ரைஃபிளை வைத்து, ஊசி தளரும்வரை இறுக்கி, ஊசியைத் தட்டி எடுத்து, பிறகு கிளாம்ப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். இன்னொருவர் காலால் அழுத்திப் பிடிக்கும் வேலையே வேண்டாம்.

4. பேரல் போல்ட்டைக் கழற்றி, ஏற்றும் கம்பியை விடுவித்தால், காற்றை அழுத்தித் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவையுங்கள்.

5. என்னை அதிகம் படுத்தியது, பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் சீலைப் புதிதாக மாற்றி உள்ளே விடுவது. குழாயின் அடியில் ஏற்றும் கம்பி ஓடும் நீளமான வெட்டு இருக்கிறது. அதன் விளிம்பு பிளேடு போல இருக்கும். சீலின் ஓரம் அதில் உரசினால் மெல்லிய நார் சீவிக்கொண்டு வரும். அத்தோடு புது சீல் வீண். முதலில் நைஸ் எமரி பேப்பரால் விளிம்பை மழுக்கி, தூளை முழுக்கத் துடையுங்கள். தண்ணீர் பாட்டிலில் வெட்டிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே சுருட்டி வைத்து, அதன் மேல் பிஸ்டனை வழுக்கவிட்டு, சீல் வெட்டைத் தாண்டியதும் தகட்டை உருவிவிடுங்கள்.

6. பிஸ்டன் உடம்புக்கும் ஸ்பிரிங்குக்கும் மாலிப்டினம் கிரீஸ், மெல்லியதாக. சீலின் முகத்தில் எதுவும் படக்கூடாது. அங்கே எண்ணெய் இருந்தால் அழுத்தத்தில் சூடான காற்று அதைப் பற்றவைக்கும். டமால் என்ற சத்தமும் புகையும் வரும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து பிசினாகிவிடும்.

பேரலைப் பின்பக்கமிருந்தே துடையுங்கள்; முனையில் கீறல் விழுந்தால் குறி போய்விடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும்.

பின்சேர்க்கை: கேஸ் ராம் (ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்திய வாயு சிலிண்டர் உள்ள) மாடலுக்கும் இதே முறையா என்ற கேள்வி வந்தது. கழற்றும் வரிசை கிட்டத்தட்ட இதுதான், கிளாம்ப்பும் அவசியம். ஆனால் கேஸ் சிலிண்டரை மட்டும் திறக்கவோ துளை போடவோ கூடாது; தேய்ந்தால் முழுதாக மாற்றுங்கள்.