காலியாகத் தெரியும் குப்பி: மனித இ.ஜி.எஃப் புரதத்தைக் கரைத்துச் சேமிக்கும் முறை

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் புரதக் குப்பியை விளக்கொளியில் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்று புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நல்லவேளையாக அக்கா ஒருவர் தடுத்தார். அதில் இருந்தது 100 மைக்ரோகிராம், அதாவது பொடியுப்புப் பரல் ஓரிரண்டின் எடை. உறைய வைத்து உலர்த்திய புரதம் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், அல்லது கண்ணுக்கே படாது. இந்த வேலையில் வரும் தவறுகளில் பாதி, கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கையாள்கிறோம் என்பதை மறப்பதால் வருபவை.

எடுத்துக்காட்டுக்கு இ.ஜி.எஃப் எனப்படும் மேற்தோல் வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்வோம். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது கண்ணிமைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்ததைக் கவனித்து, ஸ்டான்லி கோஹன் இதைப் பிரித்தெடுத்தார். 1986இல் ரீட்டா லெவி மொந்தால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனித இ.ஜி.எஃப் 53 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம்; எடை ஏறக்குறைய 6.2 கிலோடால்டன். வேலை செய்வதற்குச் சர்க்கரைச் சங்கிலி எதுவும் தேவையில்லை என்பதால், மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் புகுத்தியே தயாரித்துவிடலாம். அப்படிக் கிடைப்பதுதான் மறுசேர்க்கைப் புரதம். ஆய்வுக்கு மட்டும் என்று அச்சிட்ட குப்பி ஆய்வுக்கு மட்டும்தான். மனிதருக்கோ, தோலில் பூசுவதற்கோ அல்ல.

படி 1: குப்பியோடு வரும் விவரத்தாளைப் படியுங்கள். எந்தக் கரைப்பானில் கரைக்க வேண்டும் (சில தயாரிப்பாளர்கள் தூய நீர் என்பார்கள், சிலர் 10 மில்லிமோலார் அசிட்டிக் அமிலம் என்பார்கள்), ஏற்கெனவே துணைப்புரதம் (நம் புரதம் சுவரில் ஒட்டாமல் காக்கச் சேர்க்கும் வேறொரு புரதம்) சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நோயெதிர்ப்பு உயிரணுக்களில் வேலை செய்பவர்கள் எண்டோடாக்ஸின் (பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சு) அளவையும் பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் இந்த எச்சமே அந்த உயிரணுக்களைத் தூண்டிவிடும். பழி புரதத்தின் மேல் விழும்.

படி 2: குப்பியைத் திறக்காமலே அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுற்றினால், மூடியில் ஒட்டிய தூளும் அடிக்கு இறங்கிவிடும்.

படி 3: கரைத்தல். 100 மைக்ரோகிராம் குப்பிக்கு, நுண்ணுயிர் நீக்கிய கரைப்பானில் 500 மைக்ரோலிட்டரைச் சுவரோரமாக விடுங்கள். குப்பியை மெல்லச் சாய்த்து உருட்டி, பத்து பதினைந்து நிமிடம் அப்படியே வையுங்கள். வோர்ட்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நுரைதான் மிஞ்சும். டைசல்ஃபைடு பிணைப்புகளை அறுக்கும் டி.டி.டி, மெர்காப்டோஎத்தனால் போன்ற வேதிப்பொருள்களையும் கிட்டே கொண்டுவராதீர்கள். இந்தப் புரதத்தின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை கந்தக அணுக்களை இணைக்கும் அத்தகைய மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள். அவை அறுந்தால் கதை முடிந்தது.

படி 4 தான் முக்கியம். இ.ஜி.எஃப் உண்மையில் உறுதியான புரதம். அதன் பெரிய எதிரி பிளாஸ்டிக் சுவர். நீர்த்த கரைசலில் புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பிபெட்டில் எடுப்பது வெறும் நீராகவும் இருக்கலாம். ஆகவே 0.2 சதவீத பி.எஸ்.ஏ (மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) கலந்த பி.பி.எஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) கரைசலில் 500 மைக்ரோலிட்டர் சேருங்கள். இப்போது மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் புரதமும் 0.1 சதவீத பி.எஸ்.ஏ.வும் இருக்கும். சுவரில் பி.எஸ்.ஏ முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும். பி.எஸ்.ஏ கரைசலை முன்பே வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். புரதம் சேர்த்தபின் வடிகட்டினால் வடிகட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். புரதத்தில் சாயம் இணைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பி.எஸ்.ஏ கூடாது, சாயமெல்லாம் அதன்மேல் போய் ஒட்டிவிடும்.

படி 5: 20 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரியுங்கள். கணக்குப்படி 50 வரும், கையில் 48 நின்றால் கெட்டிக்காரர். பெயர், செறிவு, தேதி எழுதி −80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

படி 6: கணக்கு. எம்.சி.எஃப்.10ஏ என்னும் மனித மார்பகத் திசு உயிரணுக்களுக்கு வழக்கமாகத் தருவது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 200 நானோகிராம், அதாவது நம் கரைசலில் 2 மைக்ரோலிட்டர். இவ்வளவு சிறிய அளவில் கை பிசகும். முதலில் 0.1 சதவீத பி.எஸ்.ஏ கலந்த பி.பி.எஸ்ஸில் பத்து மடங்கு நீர்த்து, அதில் 20 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

படி 7: புரதம் உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள். உயிரணுக்களை ஓர் இரவு சீரம் (ஊடகத்தில் சேர்க்கும் இரத்தநீர்) இல்லாமல் பட்டினி போட்டு, பத்து நிமிடம் இ.ஜி.எஃப் கொடுத்து, இ.ஜி.எஃப் தூண்டுவதால் பாஸ்பேட் ஏறிய இ.ஆர்.கே என்னும் உயிரணுப் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) பாருங்கள். புரதமில்லாத அதே கரைசலைக் கொடுத்த தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். இ.ஆர்.கே சோதனைக்கு ஏ431 என்னும் மனிதப் புற்று உயிரணுக்கள் அருமையானவை, இ.ஜி.எஃப் ஏற்பிகள் அவற்றில் ஏராளம். ஆனால் அதே உயிரணுக்களை வைத்து வளர்ச்சியை அளக்கப் போகாதீர்கள். வழக்கமான அளவு இ.ஜி.எஃப் கொடுத்தாலே அவை வளர மறுக்கும். நீங்கள் நல்ல குப்பியைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள்.