காலநிலை நிதி விண்ணப்பம்: கடைமடையிலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடி வட்டாரத் தொண்டு நிறுவனங்களின் இளைஞர்கள் என்னிடம் காட்டும் காலநிலை நிதி விண்ணப்ப வரைவுகளில் "எங்கள் பகுதி வறண்டது, மக்கள் ஏழைகள்" என்ற வரி தவறாமல் இருக்கும். அதை அடித்துவிடுவேன். வறுமைக்கு நிதி கேட்கும் இடம் வேறு. இங்கே காட்ட வேண்டியது, காலநிலை மாறினால் யார், ஏன் மற்றவரைவிட அதிகமாக அடிபடுவார் என்பதை.

பசுமைக் காலநிலை நிதியம் என்ற பன்னாட்டு நிதியம், தகவமைப்புக்கு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப மக்கள் தாக்குப்பிடிக்க வழிசெய்வதற்கு, தரும் பணத்தில் குறைந்தது பாதியை, வளர்ச்சியில் மிகப் பின்தங்கிய நாடுகள், சிறு தீவு நாடுகள், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்கு ஒதுக்க முயல்கிறது. இந்தியா இந்த மூன்றிலும் சேராது. ஆகவே நாட்டின் பெயர் கைகொடுக்காது. ஊரைக் காட்டித்தான் வாதாட வேண்டும்.

பாதிப்புநிலை என்றால் என்ன என்ற வரையறையை முதலில் முடிவு செய்யுங்கள். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2001 அறிக்கை ஆபத்துக்கு ஆட்படுதல், எளிதில் பாதிக்கப்படுதல், சமாளிக்கும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்தே பாதிப்புநிலை என்றது. 2014 அறிக்கை ஆட்படுதலைத் தனியே பிரித்துவிட்டது. இரண்டையும் கலந்து எழுதினால் மதிப்பீட்டாளர் அங்கேயே பேனாவை எடுப்பார்.

பிறகு கண்மாய்க்குப் போங்கள். பருவமழை பொய்த்தால், தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர் எப்படியோ ஒரு போகம் எடுத்துவிடுவார். பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அந்தக் கடைமடையிலும் சிங்கப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பும் வீடு தாங்கும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் தாங்கமாட்டார். யார் என்ன பயிரிடுகிறார் என்று கிராமத்தில் எழுதும் அடங்கல் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பயிர்க் காப்பீட்டுக்கும் அலைய வேண்டும். அவரிடமிருந்து எழுதத் தொடங்குங்கள்.

சராசரிக் கணக்கை நம்பாதீர்கள். செட்டிநாட்டு மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தானைப் பார்த்து இந்த வட்டாரம் ஏழை என்று யார் சொல்வார்? பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வளவு வீடுகளைச் சொத்துக் கணக்கில் சேர்த்தால், அவற்றின் நிழலில் இருக்கும் கூலிக்காரரும் தாளில் பணக்காரராகிவிடுவார். குடியிருப்போரை மட்டும் வீடு வீடாகக் கணக்கெடுங்கள்.

அடுத்தது கசப்பான பகுதி. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, மடை உடைந்தது, சீமைக்கருவேலம் மண்டியது எல்லாம் நம் அலட்சியம்; காலநிலையின் தலையில் கட்டாதீர்கள். முப்பது ஆண்டு மழைப்பதிவை வாங்கி, மழைநாட்கள் குறைந்தனவா, ஒரேயடியாகக் கொட்டுவது கூடியதா என்று பாருங்கள். பதிவு அப்படிக் காட்டினால் மட்டும் எழுதுங்கள். அலட்சியத்தையும் மறைக்க வேண்டாம். தனிப் பத்தியில், சீரமைப்பை யார் செலவில் செய்வோம் என்பதோடு சொல்லுங்கள்.

தகவமைப்பு நிதியம் என்ற இன்னொரு பன்னாட்டு நிதியத்தின் பணத்தில் தமிழகத்திலும் ராஜஸ்தானிலும் நீர்வடிப்பகுதித் திட்டங்கள் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு வழியாக நடந்திருக்கின்றன. அந்தத் திட்ட ஆவணத்தைத் தேடி எடுத்து, பாதிப்பு பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வரைவோடு வாருங்கள்.