ஜெம்5-இல் லினக்ஸை ஒருமுறை பூட் செய்தால் போதும்

கணினி வன்பொருளை மென்பொருளிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஜெம்5 சிமுலேட்டரில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லினக்ஸைப் புதிதாக பூட் செய்யாதீர்கள். கேஷ் (சிபியுவை ஒட்டிய சிறிய வேக நினைவகம்) இல்லாமல், எளிமையான அட்டாமிக் சிபியு மாடலில் ஒருமுறை பூட் செய்து, நீங்கள் அளக்கப்போகும் பகுதியின் வாசலிலேயே ஒரு செக்பாயின்ட் (அந்த நேரத்து நிலையின் சேமிப்பு) எடுத்து வையுங்கள். அப்புறம் அங்கிருந்தே நுணுக்கமான ஓ3 மாடலில் (கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் சிபியு) தொடரலாம்.

அட்டாமிக் மாடல் பைப்லைனையும் (கட்டளைகள் படிப்படியாக நகரும் பாதை) நினைவகத் தாமதத்தையும் நுணுக்கமாகக் கணக்கிடுவதில்லை, அதனால் ஓ3-ஐவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். எல்1 கேஷை 32 கேபி, 64 கேபி என்று மாற்றிப் பார்க்கவும், பிராஞ்ச் பிரிடிக்டரை (நிரல் எந்தக் கிளையில் போகும் என்று ஊகிக்கும் பகுதி) மாற்றவும் அதே செக்பாயின்ட் போதும். ஆய்வுக்கட்டுரைக்கு முப்பது ஓட்டம் தேவை என்றால், இருபத்தொன்பது பூட் மிச்சம் இல்லையா!

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. மீட்டெடுத்ததும் கேஷ் காலியாக இருக்கும், பிரிடிக்டரும் பழகியிருக்காது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புள்ளிவிவரங்களைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கேஷ் மிஸ் (தேடியது கேஷில் கிடைக்காத தடவைகள்) எண்ணிக்கை பொய் சொல்லும்.

கோர்களின் எண்ணிக்கை, நினைவக அளவு, ஐஎஸ்ஏ (சிபியுவின் கட்டளைத் தொகுப்பு) ஆகியவற்றை மாற்றினால் பழைய செக்பாயின்ட் உதவாது, புதிதாக எடுக்க வேண்டும். லினக்ஸே தேவைப்படாத சிஸ்கால் எமுலேஷனில் (இயங்குதள அழைப்புகளை ஜெம்5 தானே கையாளும் முறை) ஓடும் சின்ன நிரல்களுக்கு இந்த வேலையே வேண்டாம்.