கயிற்றை அவிழ்க்கும் முன்: நீலகிரியில் நாயை ஓடவிடுவது எப்படி

மலையில் நாய் வளர்ப்பவர்களுக்கு இடத்துக்கு என்ன குறை என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் டீத்தோட்டமும் கிடக்கின்றன, அவிழ்த்துவிட்டால் ஓடிக்கொள்ளும் என்று தோன்றும். அந்தப் புல்லில்தான் காட்டுமாடு மேய்கிறது. தோட்டத்தை ஒட்டிய உண்ணிச்செடிப் புதரில்தான் சிறுத்தை படுத்திருக்கிறது. காட்டுமாட்டைக் கண்டதும் நாய் குரைத்துக்கொண்டு பாயும், மாடு திரும்பித் துரத்தும், பயந்த நாய் ஓடிவருவது உங்களிடம்தான். பின்னாலேயே ஏழெட்டு நூறு கிலோ எடையோடு மாடும் வரும். கரடியும் அப்படியே. எருமை மந்தை மேயும் புல்வெளியில் கன்றோடு நிற்கும் தோடர் எருமையும் நாயைச் சும்மா விடாது.

அதனால் ஊட்டியானாலும் குன்னூரானாலும் கோத்தகிரியானாலும் நாயை அவிழ்க்க ஏற்ற இடம் சுற்றிலும் வேலி போட்டு, உள்ளிருந்து பூட்டக்கூடிய கேட் உள்ள மைதானம்தான். நாய்களுக்கென்றே ஒதுக்கிய பூங்காவாக இருக்கலாம், எஸ்டேட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிய காலி மனையாகவும் இருக்கலாம். காப்புக்காடு, முதுமலை, முக்கூர்த்திப் பக்கம் நாயைக் கொண்டு போகவே வேண்டாம். கடமானைத் துரத்துவது ஒரு கேடு என்றால், நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்னும் உயிர்க்கொல்லித் தொற்றுநோய் செந்நாய்க் கூட்டத்துக்குப் பரவுவது அதைவிடப் பெரிய கேடு.

போகும் நேரம் காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணிக்குள். சிறுத்தை விடியலிலும் அந்தியிலும் நடமாடும், ஐந்தடி வேலி அதற்கு ஒரு தடையே இல்லை. மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க வேலி கண்ணுக்குத் தெரியாமல் போனால், மணி பன்னிரண்டானாலும் நாயைக் கட்டிவிட வேண்டியதுதான். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை அதிகம். அந்த மாதங்களில் அட்டைக்கும் சேற்றுக்கும் தயாராகப் போங்கள்.

தடுப்பூசி முடியாத நாய்க்கு மைதானம் கிடையாது. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் போட்டு, பதினாறு வாரத்தில் முடித்து, அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்துத்தான் மற்ற நாய்களோடு விடலாம். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாழும் என்பதால், ஊசியில் அதற்கான லெப்டோ மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். இந்த மலையிலேயே, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், 1907-லிருந்து வெறிநாய்க்கடிக்கு எதிரான வேலை நடந்து வருகிறது. நம் வீட்டு நாய்க்கு ஊசி போடாமல் இருக்க எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்தது, கூப்பிட்டால் வருவது. மற்ற பழக்கங்களில் குறை இருந்தாலும் சமாளிக்கலாம், இதில் குறை இருந்தால் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்: 'வா' போதும். வீட்டுக்குள் தொடங்கி, முற்றத்துக்குப் போய், பிறகு பத்து மீட்டர் கயிறு கட்டித் திறந்த வெளிக்குப் போங்கள். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாமல், எதிர்த்திசையில் நான்கு எட்டு ஓடுங்கள், பின்னால் வரும். வந்ததும் நகத்தளவு அவித்த கோழித் துண்டு கொடுத்து, கழுத்துப்பட்டையைத் தொட்டு, மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிடுகிறார்கள். 'வா' என்றால் விளையாட்டு முடிந்தது என்று நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறது, பிறகு எட்டி நின்று வேடிக்கை பார்க்கிறது. அரை மணி நேர விளையாட்டில் ஐந்து முறை கூப்பிட்டு, நான்கு முறை திருப்பி அனுப்புங்கள். இன்னொரு நாய் பக்கத்தில் இருக்கும்போதே பத்துக்கு ஒன்பது முறை வந்தால் அந்த நாய் அவிழ்க்கத் தயார்.

மைதானத்துக்குப் போனதும் உள்ளே நுழையும் முன், நாயைக் கயிற்றில் பிடித்தபடியே வேலியை வெளிப்பக்கமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும். சரிவான நிலத்தில் ஒரு மழைக்கே வேலியடி மண் அரித்துப் போகும். காட்டுப்பன்றி மூக்கால் கம்பிவலையைத் தூக்கிவிட்டுப் போயிருக்கும். உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க முடிகிற சந்து இருந்தால் சின்ன நாய் பத்து நிமிடத்தில் தோண்டி வெளியே போய்விடும். அங்கே கல்லை அடைத்துவிட்டு அவிழுங்கள். வேலிக்கு அப்பால் கேரட்டோ உருளைக்கிழங்கோ பயிரிட்டிருந்தால் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும், சோலார் வேலியும், அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) இருக்கலாம். தரையில் கிடப்பதை எடுத்துத் தின்னும் நாயாக இருந்தால் அந்தப் பக்கமே போகவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேட் அருகே நாய்கள் கூட்டமாக நின்றால் அவை விலகும்வரை வெளியே காத்திருங்கள். உள்ளே போனதும், கேட்டை மூடிய கையோடு கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். சுற்றிலும் நாய்கள் சுதந்திரமாக நிற்க, ஒன்று மட்டும் கயிற்றில் இருந்தால் அதற்கு ஓட வழியில்லை, அதனால் கடிக்க வருகிறது. இறுக்கும் சங்கிலியையும் ஹார்னெஸ்ஸையும் கழற்றிவிடுங்கள். விளையாட்டில் இன்னொரு நாயின் கீழ்த்தாடை அதில் மாட்டினால் இரண்டும் பதறி முறுக்கிக்கொள்ளும். போன் நம்பர் பொறித்த தகட்டோடு சாதாரணப் பட்டை மட்டும் போதும். அவிழ்த்தவுடன் நிற்காமல் நடங்கள். நாயும் உங்களோடு நகரும், கேட்டடி நெரிசல் தவிரும்.

பந்து, எலும்பு, பிஸ்கட் எதுவும் பல நாய்கள் இருக்கும்போது வெளியே வரக்கூடாது. பயிற்சித் துண்டைக்கூட மற்ற நாய்கள் தள்ளி நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்குத் தனி நேரம் வையுங்கள். சிறிய நாய் கீச்சிட்டு ஓடினால் பெரிய நாய்க்கு அது இரை போலத் தோன்றும் கணம் ஒன்று உண்டு, அதைத் தடுக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

போனைப் பையில் போட்டுவிட்டு நாயைப் பாருங்கள். முன்னங்காலைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்குவது, துரத்தியது ஓடுவதும் ஓடியது துரத்துவதுமாக மாறி மாறி நடப்பது, உடல் நெளிவது: இது விளையாட்டு. உடல் விறைத்து, வாய் மூடி, வால் கம்பாக நிமிர்ந்து, மற்றதன் முதுகில் தாடையை வைத்தால் உடனே 'வா' சொல்லிப் பிரிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் துரத்தும் நாயைச் சற்றுப் பிடித்து வையுங்கள். ஓடிய நாய் தானாகத் திரும்பி வந்தால் அதுவும் விரும்பித்தான் விளையாடியது. ஒதுங்கிப் போனால் அதற்குப் போதும் என்று பொருள்.

சண்டை வந்துவிட்டால் கழுத்துப்பட்டைப் பக்கம் கை கொண்டு போகாதீர்கள், கடி உங்கள் கைக்குத்தான். வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், அல்லது ஒரு போர்வையை இரண்டின் மேலும் போடுங்கள். பிரிந்ததும் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். நாய்ப்பல் காயம் மேலே கடுகளவு தெரியும், உள்ளே தோலும் சதையும் பிரிந்து கிடக்கும். மஞ்சள் அப்பினால் காயத்தின் வாய் மட்டும் மூடி உள்ளே சீழ் கட்டும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்குக் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, கட்டுப் போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் போதும். ஓடைத் தண்ணீரைக் குடித்தால் பொடி அட்டை மூக்குக்குள் ஏறிக்கொள்ளும். சில நாள் கழித்து ஓயாத தும்மலும், ஒரே மூக்குத் துளையில் ரத்தமும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீங்களே நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். மலத்தை அள்ள இரண்டு தாள் செய்தித்தாள் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு. ஓடைக் கரையில் புதைக்காதீர்கள்.

வீடு திரும்பியதும், வண்டியில் ஏற்றும் முன்பே முடிந்தால், வயிற்றையும் தொடையையும் பருத்தித் துண்டால் ஈரம் போகத் துடையுங்கள். பிறகு விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டிய இடங்கள்: காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி, விரல் இடுக்கு. அட்டை கடித்திருந்தால் அதன் மெல்லிய முனையில் நகத்தை வைத்து நெட்டித் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். எரிச்சலில் உண்ணி தன் எச்சிலை உள்ளே கக்கிவிடும், நோய் இறங்குவது அப்போதுதான். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்வது, ஈறு வெளுப்பது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காலையில் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.