மோட் நிறுவியாச்சு, நிறம் வரவில்லை: ஈமேக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் ஒரு நிரல்மொழிக்கான மோடை, அதாவது அந்த மொழியின் நிரலை நிறம் பிரித்துக் காட்டும் நீட்சியை, நிறுவுகிறீர்கள். முடிந்தது என்று செய்தியும் வருகிறது. ஆனால் கோப்பைத் திறந்தால் எல்லா எழுத்தும் ஒரே நிறம். கீழே மோட் வரியில் ‘ஃபண்டமென்டல்’ (எந்த மொழிக்கும் உரியதல்லாத அடிப்படை மோட்) என்று நிற்கிறது. உடனே பலரும் இணையத்தில் கிடைத்த பத்து இருபது வரியை அள்ளி வந்து, ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் ஒட்டுகிறார்கள். மற்ற தவறுகளையெல்லாம் கண்ணில் படாமல் செய்துவிடும் தவறு இதுதான்.

மோட் வேலை செய்ய மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். கோப்புகள் கணினிக்கு வர வேண்டும். அவை இருக்கும் இடம் ஈமேக்ஸுக்குத் தெரிய வேண்டும். எந்தக் கோப்புப் பெயர் நீட்டிப்புக்கு எந்த மோட் என்ற தொடர்பு இருக்க வேண்டும். எது நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க ஆல்ட்-எக்ஸ் அழுத்தி மோடின் பெயரை, உதாரணமாக ரஸ்ட்-மோட் என்று, நீங்களே கொடுத்துப் பாருங்கள். நிறம் வந்துவிட்டால் முதல் இரண்டும் சரி, மூன்றாவதுதான் பாக்கி. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றால் சிக்கல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இன்னொன்று: நிறுவும் முன்பே திறந்து வைத்திருந்த கோப்பு தானாக மாறாது. மூடித் திறங்கள், அல்லது நார்மல்-மோட் கட்டளையைக் கொடுங்கள்.

நீட்சிகளை இறக்கி நிறுவும் பேக்கேஜ் வசதி 2012இல் வந்த 24ஆம் பதிப்பிலிருந்தே ஈமேக்ஸுடன் வருகிறது. பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் கிடங்குகளில் க்னூ எல்பா இயல்பாகவே உண்டு. 28ஆம் பதிப்பில் நான்க்னூ எல்பாவும் சேர்ந்தது. மெல்பா என்ற கிடங்கை மட்டும் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு பட்டியலைப் புதுப்பிக்காமல் நிறுவப் போனால் பேக்கேஜ் கிடைக்காது. பழைய பட்டியல் இருந்தாலும் தொல்லைதான்: மெல்பா பழைய பதிப்பை நீக்கியிருக்கும், ஈமேக்ஸ் அதையே கேட்கும், 404 பிழை வரும். பேக்கேஜ்-ரிஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ் கொடுத்தால் போதும். கையொப்பப் பிழை வந்தால் சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள். 2019இல், கையொப்பத்தைச் சரிபார்க்கும் க்னூ எல்பாவின் பழைய சாவி காலாவதியானபோது பலர் அப்படி அணைத்தார்கள். புதிய சாவியைக் கொண்டுவரத் தனி பேக்கேஜே இருக்கிறது: க்னூ-எல்பா-கீரிங்-அப்டேட். அதை நிறுவும் அந்த ஒரு முறை மட்டும் அணைத்து, உடனே திரும்பப் போட்டுவிடலாம்.

எழுதிய அமைப்பு எதுவுமே எடுபடவில்லையா? வீட்டு ஃபோல்டரில் பழைய ‘.ஈமேக்ஸ்’ கோப்பு கிடக்கிறதா பாருங்கள். அது இருந்தால் ‘.ஈமேக்ஸ்.டி’ ஃபோல்டருக்குள் இருக்கும் இனிட் கோப்பை ஈமேக்ஸ் படிக்கவே படிக்காது, பிழையும் காட்டாது. கன்ட்ரோல்-எச், பிறகு வி அழுத்தி யூசர்-இனிட்-ஃபைல் என்று கேட்டால் எதைப் படித்தது என்று சொல்லிவிடும்.

நீட்டிப்பை மோடுடன் இணைக்கும் ஆட்டோ-மோட்-அலிஸ்ட் என்ற பட்டியலில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். புரோலாக் நிரலை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்புகள் ‘.பிஎல்’ என்று முடியும், பெர்லும் அப்படித்தான். ஈமேக்ஸ் அதைப் பெர்ல் என்றே எடுத்துக்கொள்ளும். பட்டியலில் முதலில் பொருந்துவதே எடுபடும் என்பதால் உங்கள் வரி முன்னால் சேர வேண்டும். பட்டியலில் சேர்க்கும் ஆட்-டு-லிஸ்ட் இயல்பாக முன்னால்தான் சேர்க்கும். கடைசியில் சேர்க்கச் சொல்லிவிட்டால் பெர்லே ஜெயிக்கும். அப்புறம் பின்சாய்கோடு. அந்த வரியில் புள்ளிக்கு முன்னும், பெயரின் முடிவைக் குறிக்க இறுதியில் வரும் ஒற்றை மேற்கோள் குறிக்கு முன்னும் இரண்டிரண்டாக (\\) போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் ஈமேக்ஸின் அமைப்பு மொழியான லிஸ்ப் அதைச் சரத்தைப் படிக்கும்போதே விழுங்கிவிடும். மிஞ்சுவது வெறும் மேற்கோள் குறி. அப்போது பெயரின் முடிவில் நிஜமாகவே அந்தக் குறி உள்ள கோப்பைத் தேடும். அப்படி யார் பெயர் வைப்பார்கள்?

பைதானுக்கு வேறு மாதிரிச் சிக்கல். ஈமேக்ஸுடன் வரும் மோடின் பெயரும் பைதான்-மோட், மெல்பாவில் தனியாகக் கிடைக்கும் பேக்கேஜின் பெயரும் அதே. பெயரைப் பார்த்து அதையும் நிறுவிவிட்டு, ஒன்றுக்கான அமைப்பை இன்னொன்றுக்கு எழுதி அல்லாடுவார்கள். தெளிவான காரணம் இல்லையென்றால் உள்ளே இருப்பதே போதும் என்பது என் கருத்து.

2023இல் வந்த 29ஆம் பதிப்பு இதில் இன்னொரு கிளையைச் சேர்த்தது: நிரலின் இலக்கணத்தை அலசி நிறம் தரும் ட்ரீ-சிட்டர் மோடுகள். இவற்றுக்கு அந்தந்த மொழியின் இலக்கணக் கோப்பு தனியாக வேண்டும். ஈமேக்ஸையே இறக்கித் தொகுக்கச் சொல்லலாம். அதற்குக் கணினியில் கிட் (Git) கருவியும் சி கம்பைலரும் இருக்க வேண்டும். கம்பைலர் இல்லாமல் முயன்றுவிட்டு மோடைத் திட்டிப் பயனில்லை. புதிய மோடின் ஹூக்கும் (மோட் தொடங்கும்போது ஓட வேண்டியவற்றின் பட்டியல்) வேறு. பைதான்-டிஎஸ்-மோடுக்கு மாறினால் பைதான்-மோட்-ஹூக்கில் நீங்கள் சேர்த்து வைத்தவை ஓடாது. இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் பைதான்-பேஸ்-மோட்-ஹூக்கில் எழுதுங்கள்.

கையால் இறக்கி வைப்பவர்களுக்கு: ஈமேக்ஸ் தேடும் இடங்களின் பட்டியலான லோட்-பாத்தில் கோப்பை அல்ல, அது இருக்கும் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். உள் ஃபோல்டர்களுக்குள் ஈமேக்ஸ் தானாக இறங்காது. பக்கத்தில் பழைய ‘.இஎல்சி’ கிடந்தால், மூலத்தை நீங்கள் திருத்தியிருந்தாலும் தொகுத்த பழையதையே ஏற்றும்.

நிறம் வந்து, தட்டச்சும்போது நிரல்வரி தானாக நிரம்பவில்லை என்றால் அது மோடின் வேலையே இல்லை. மொழிச் சர்வர்களுடன் பேசி அதைச் செய்யும் எக்லாட் 29ஆம் பதிப்பிலேயே உள்ளே வந்துவிட்டது. ஆனால் ரஸ்ட்-அனலைசர், கோபிஎல்எஸ் போன்ற சர்வர்களை நாம்தான் நிறுவ வேண்டும். மேக்கில் ஐகானைத் தட்டித் திறந்த ஈமேக்ஸுக்கு டெர்மினலின் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாது. அதனால் டெர்மினலில் ஓடும் சர்வரை ஈமேக்ஸ் இல்லை என்று சொல்லும். எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் பேக்கேஜ் அதைச் சரிசெய்துவிடும்.